கச்சேரி வாசல், 1961: வடக்கின் போராட்ட வடிவங்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1961 பெப்ரவரி 20, திங்கட்கிழமை காலை. யாழ்ப்பாணத்தில் கண்டி வீதியில், பழைய பூங்காவை அண்டி நிற்கும் கச்சேரியின் வாசல்களில் தமிழரசுக் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்களும் தொண்டர்களும் வந்து குந்தினார்கள். உள்ளே போகிற எவரும் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வழி திறக்க வந்த பொலிஸார் முதலில் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி அப்பால் போட்டார்கள். பிறகு குண்டாந்தடி எடுத்தார்கள். பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் அடி விழுந்தது. தூக்கிப் போடப்பட்டவர்கள் எழும்பி வந்து அதே இடத்தில் திரும்பவும் குந்தினார்கள். அன்று தொடங்கி ஏப்ரல் 17 வரை, 57 நாள் அந்த அலுவலகம் ஒழுங்காக இயங்கவில்லை.

இலங்கையின் வடக்கில் நூறு வருசமாக நடந்துவருகிற மக்கள் போராட்டங்களில் இந்த ஒன்றைப் பிடித்து ஆராய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்த வடிவங்கள் பலவும் இதற்குள் வந்து சேர்ந்தன. அதற்குப் பின்னால் வந்தவற்றில் பல இந்த வாசலில் இருந்தே கிளம்பின. இன்னொன்று, இதன் முடிவில் உள்ள ஒரு புதிர்: எட்டு வாரம் வாசலை அடைத்தபோது பொறுத்துக்கொண்டிருந்த அரசாங்கம், ஒரு தபால் முத்திரை அச்சடித்து விற்ற மூன்றாம் நாள் இராணுவத்தை இறக்கியது ஏன்?

கச்சேரி, தமிழ்நாட்டில் கலெக்டர் அலுவலகம் செய்கிற வேலையைச் செய்கிற இடம். அரசாங்க அதிபர் இருந்து மாவட்டத்தை நிர்வகிப்பது அங்கிருந்துதான். காணி உத்தரவுப் பத்திரம், வாகன வரி, ஓய்வூதியம், கூப்பன் அரிசி எல்லாவற்றுக்கும் கோவை அங்கேதான் திறக்கும். பருத்தித்துறையில் இருந்தோ காரைநகரில் இருந்தோ பஸ் ஏறி வந்து, ஒரு கையெழுத்துக்காக மர வாங்கில் அரை நாள் காத்திருந்த அனுபவம் அந்தக் காலத்து எல்லாக் குடும்பத்துக்கும் உண்டு. 1956 இல் நிறைவேறிய தனிச் சிங்களச் சட்டத்தின்படி, நிர்வாகம் முழுவதையும் சிங்களத்தில் நடத்துவதற்குக் குறித்த நாள் 1961 ஜனவரி 1. அந்தக் கையெழுத்துக்கான படிவமே இனிச் சிங்களத்தில் வரும் என்பதுதான் பிரச்சினை. கூடவே நீதிமன்றங்களையும் சிங்களத்துக்கு மாற்றுகிற நீதிமன்ற மொழிச் சட்டமும் வந்தது. ஜனவரி 2 ஆம் திகதி வடக்குக் கிழக்கில் கடையடைப்பு நடந்தது. ஏழு கிழமை கழித்துக் கச்சேரி வாசல்.

முன்கதை

வடக்கில் மக்கள் எதிர்ப்பு 1956 இல் பிறந்ததாக எழுதுவது எங்கள் மேடைப் பேச்சாளர்களின் பழக்கம். அதற்கு 25 வருசம் முன்னரே யாழ்ப்பாணம் ஒரு விசித்திரமான காரியத்தைச் செய்து காட்டியிருந்தது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 இல் அரசாங்க சபைக்குத் தேர்தல் வந்தபோது, அது முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலான ஆசிரியர்களும் இளைஞர்களும் நடத்திய இயக்கம் அது. வாக்களிக்காதே என்று சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. போட்டியிடவும் ஆள் வரக்கூடாது என்றார்கள். நியமனப் பத்திர நாளில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிக்கும் ஒருவர்கூட மனுக் கொடுக்கவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன.

ஒத்துழையாமையின் தூய வடிவம் இது. யாரும் அடிபடவில்லை, யாரும் மறியலுக்குப் போகவில்லை. ஆனால் வெறுமையாக விட்ட கதிரையால் கொழும்புக்கு ஒரு இடைஞ்சலும் வரவில்லை. சபை தன்பாட்டில் கூடியது. தெற்கில் மற்றவர்களும் சேர்ந்து புறக்கணிப்பார்கள் என்ற நம்பிக்கை பொய்த்தது. தான் விலகி நிற்பதால் எதிராளிக்கு நட்டம் வரும் இடத்தில்தான் பகிஷ்கரிப்பு வேலை செய்யும். 1961 இல் கச்சேரியைத் தேர்ந்தவர்கள் இந்தக் கணக்கை நினைத்துச் செய்தார்களோ தெரியாது. ஆனால் நட்டம் எங்கே வரும் என்று அவர்களுக்கு விளங்கியிருந்தது.

ஹர்த்தால் வேறு வழியாக வந்தது. 1953 ஓகஸ்ட் 12 அன்று இடதுசாரிகள் நடத்திய மாபெரும் ஹர்த்தால் முழு இலங்கைக்கும் உரியது. கூப்பன் அரிசி கொத்து 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு ஏறியதுதான் காரணம். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க இரண்டு மாதத்தில் பதவி விலகினார். கடையைப் பூட்டி, பஸ்ஸை நிறுத்தி, வேலைக்குப் போகாமல் இருந்து ஒரு பிரதமரையே வீட்டுக்கு அனுப்பலாம் என்று நாடு கண்டது. வடக்கு அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்துக் கடையை யாழ்ப்பாணத்தவன் பூட்டினால் பட்டினி கிடப்பவனும் யாழ்ப்பாணத்தவன்தான். 1953 இல் கொழும்புப் பக்கத்து வெள்ளவத்தையும் இரத்மலானையும் மூடியதால் அரசாங்கம் ஆடியது. வவுனியாவுக்கு வடக்கே மட்டும் பூட்டுகிற ஹர்த்தால் பெரும்பாலும் செய்தித்தாளுக்கான ஹர்த்தால்.

தமிழரசுக் கட்சி கையில் எடுத்தது சத்தியாக்கிரகம். முதல் சோதனை 1956 ஜூன் 5, காலிமுகத்திடல். பாராளுமன்றத்தில் தனிச் சிங்கள மசோதா வந்த நாள் அது. அகிம்சை என்று சொல்லிப் புல்தரையில் இருந்தவர்களைக் கும்பல் ஒன்று அடித்தது. பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மண்டை உடைந்த தமிழரசுக் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கம் கட்டுப் போட்டபடி சபைக்குள் போனபோது, பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, போரில் பட்ட கௌரவமான காயங்கள் என்று பகிடி விட்டார். அந்த ஓகஸ்டில் பல ஊர்களில் இருந்தும் திருகோணமலைக்குக் கால்நடையாக ஒரு யாத்திரை போனது. அங்கே கூடிய மாநாடு சமஷ்டியை, அதாவது கூட்டாட்சியை, கேட்டது. அடுத்த வருசம் ஜூலையில், தமிழருக்குக் கொஞ்சம் அதிகாரமும் மொழியுரிமையும் தருவதாகப் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா-செல்வா ஒப்பந்தம் வந்தது. 1958 தொடக்கத்தில் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தபோது, தமிழர் தங்கள் வாகனங்களில் தமிழ் ஸ்ரீ எழுதி ஓடினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது.

அதே வருசம் ஏப்ரல் 9 அன்று நடந்ததை, கச்சேரி வாசலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பௌத்த பிக்குகள் கொழும்பு ரோஸ்மீட் பிளேசில் பிரதமரின் வீட்டு வளவில் வந்து குந்தினார்கள். ஒப்பந்தத்தைக் கிழிக்காமல் எழும்பமாட்டோம் என்றார்கள். அன்று பின்னேரத்துக்குள் பண்டாரநாயக்க ஒப்பந்தம் செல்லாது என்று எழுத்திலேயே கொடுத்தார். ஒரு பகல் பொழுது, ஒரு வாசல், வெற்றி. மூன்று வருசம் கழித்து அதே வடிவத்தை எடுத்துத் தமிழர் ஐந்து மாவட்டங்களில், எட்டு வாரம் இருந்தார்கள். ஒரு கடதாசியும் வரவில்லை. வடிவம் ஒன்றுதான். குந்தியிருக்கிறவனை அப்புறப்படுத்தினால் அடுத்த தேர்தலில் வாக்குப் போகுமா என்பதுதான் வித்தியாசம். பிக்குகள் விசயத்தில் போகும். தமிழர் விசயத்தில், அப்புறப்படுத்தினால் வாக்குக் கூடும். காந்தியின் முறையை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் இந்தக் கணக்கை ஆழமாகப் போட்டுப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். சத்தியாக்கிரகம் எதிராளியின் மனச்சாட்சியைத் தொடும் என்பார்கள். எதிராளியின் வாக்காளரின் மனச்சாட்சியைத் தொட்டால்தான் இலங்கையில் அது வேலை செய்யும்.

எட்டு வாரம்

யாழ்ப்பாணத்தில் தொடங்கியது ஒரு சில கிழமைக்குள் மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியாக் கச்சேரிகளுக்கும் பரவியது. கட்சி எதிர்பார்த்ததைவிடச் சனம் கூடியது. தொடக்கத்தில் தொண்டர்கள் மட்டும் இருந்த இடத்துக்குப் பிறகு ஊர் ஊராக முறை வைத்து வந்தார்கள். பெண்கள் பெருந்தொகையாக வந்து இருந்தது அதுவரை வடக்கு அரசியல் காணாதது. கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் தவிர வெளியில் கூட்டமாகப் போயிராத பெண்கள், பொலிஸார் நிற்கிற நடுறோட்டில் குந்தியிருந்தார்கள். அமிர்தலிங்கத்தின் மனைவி மங்கையர்க்கரசி போன்றவர்கள் அவர்களை முன்னின்று நடத்தினார்கள். கைதானவர்களில் அவரும் ஒருவர். இதற்குப் பிறகு வடக்கில் நடந்த எந்தப் போராட்டத்திலும் பெண்கள் வந்தார்கள் என்பது செய்தியாகவில்லை, வராவிட்டால்தான் செய்தி.

தலைமை வகித்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அப்போது நடுக்கவாத நோயாளி. கூட்டத்தில் குரல் எடுபடாத, மெலிந்த, கிறிஸ்தவரான ஒரு சிவில் வழக்கறிஞர் அவர். சைவர் பெரும்பான்மையாக உள்ள ஊரில் அவருக்குக் கிடைத்த மரியாதை பேச்சால் வந்ததல்ல. அவர் சொன்ன நேரத்தில் வந்து இருந்தார், அடி விழுகிற இடத்தில் இருந்தார், அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. மார்ச்சில் அவர் பொதுநலவாயப் பிரதமர் மாநாட்டுக்கு லண்டன் போய்விட்டார். ஏப்ரலில் நீதி அமைச்சர் சாம் பி.சி. பெர்ணாண்டோ பேச்சுக்கு வந்தார். வடக்குக் கிழக்கில் தமிழே நிர்வாக மொழியும் பதிவு மொழியும் ஆக வேண்டும், நீதிமன்றமும் தமிழில் நடக்க வேண்டும், அப்பாலுள்ள தமிழருக்கும் மொழியுரிமை வேண்டும் என்பவை முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமானவை. பேச்சு எங்கும் போய்ச் சேரவில்லை.

இந்த எட்டு வாரத்தைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் தியாகத்தைப் பேசும். நிர்வாகத்துக்கு என்ன நடந்தது என்று பார்ப்பது குறைவு. பூட்டிய அலுவலகம் தமிழரின் அலுவலகம். உள்ளே வேலை செய்த இலிகிதர்களில் பெரும்பாலானோர் தமிழர். நின்றுபோன காணி உத்தரவு வன்னியில் காடு வெட்டிக்கொண்டிருந்த தமிழனின் காணி உத்தரவு. இப்படியான முற்றுகையில் எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கலாம் என்ற கேள்வி கொழும்புக்கும் தெரியும், கட்சிக்கும் தெரியும். பொறுமையாக இருந்தால் சனமே சலித்துவிடும் என்று அரசாங்கம் நினைத்திருக்க இடமுண்டு. வாசலை அடைப்பது எவ்வளவு பெரிய காரியமாகத் தெரிந்தாலும் ஒரு அரசுக்கு அது சகிக்கக்கூடிய இடைஞ்சல். கதவு மூடியிருக்கிறது, கதவு யாருடையது என்பதில் சந்தேகம் எழவில்லை.

கட்சி அந்தச் சந்தேகத்தை எழுப்பத் துணிந்தது ஏப்ரல் 14 இல், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி. தமிழரசுத் தபால் சேவை என்று ஒன்றை யாழ்ப்பாணத்தில் தொடங்கினார்கள். முத்திரை அச்சடித்து, தபால் அட்டையும் அச்சடித்து, செல்வநாயகமே தபால் மா அதிபரின் இடத்தில் இருந்து விற்றார். சனம் வரிசையில் நின்று வாங்கியது. அடுத்ததாக அரச காணிக்கு உத்தரவு வழங்குவது என்ற பேச்சும் கிளம்பியது.

அந்த முத்திரை ஒட்டிய கடிதம் எவ்வளவு தூரம் போயிருக்கும்? ஆனையிறவைத் தாண்டினால் அது வெறும் வண்ணக் கடதாசி. நடைமுறைத் தபாலாக அதை எடுத்துக்கொண்டால் சிரிப்பு வரும். ஆனால் முத்திரை அடிப்பதும் தபால் நடத்துவதும் அரசுக்கு மட்டும் உரிய காரியம். அதுவரை, உன் அரசாங்க அலுவலகத்தை நடத்த விடமாட்டோம் என்று சொன்னவர்கள், இப்போது நாங்களே அரசாங்கம் நடத்துவோம் என்று காட்டினார்கள். விளையாட்டுக்குக் காட்டினாலும் அது வேறு விசயம். ஏப்ரல் 17, திங்கட்கிழமை, அவசரகால நிலை பிரகடனமானது. இரவோடிரவாக இராணுவம் கச்சேரி வாசலுக்கு வந்து இருந்தவர்களை அடித்துக் கலைத்தது. ஊரடங்கு வந்தது. தமிழரசுக் கட்சி தடை செய்யப்பட்டது. செய்தித் தணிக்கை வந்தது. தலைவர்கள் கொழும்புக்குக் கிழக்கே பனாகொடை இராணுவ முகாமில் ஏறத்தாழ ஆறு மாதம் தடுத்து வைக்கப்பட்டார்கள், ஒக்டோபரில் விட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இராணுவத்துக்குப் பொறுப்பாக வந்தவர் கேணல் ரிச்சர்ட் உடுகம.

இராணுவம் எப்படியும் வந்திருக்கும், பிரதமர் லண்டனில் இருந்து திரும்பவும் படை ஆயத்தமாகவும் நேரம் எடுத்தது, அவ்வளவுதான் என்று வாதிடலாம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கும். பேச்சு முறிந்ததும் ஒரு காரணம். ஆனாலும் பிரிவினை என்று தெற்கில் சொல்லுவதற்கு அதுவரை அரசாங்கத்திடம் ஒரு பொருள் இருக்கவில்லை. முத்திரை அந்தப் பொருளைக் கையில் கொடுத்தது. படம் பிடித்துப் பத்திரிகையில் போடலாம். கட்சி சமஷ்டி கேட்டது. முத்திரை தனிநாடு கேட்பதுபோல் இருந்தது. தாங்கள் கேட்காத ஒன்றைக் கேட்பதுபோன்ற வடிவத்தைத் தேர்ந்தது 1961 இன் மிகப் பெரிய தந்திரப் பிழை என்று நான் நினைக்கிறேன். அதே நேரத்தில், அந்த 57 நாளிலும் சனத்துக்கு மிகவும் பிடித்துப்போன ஒரே காரியமும் அதுதான். இன்றும் அந்தச் சத்தியாக்கிரகத்தைப் பற்றி வயதானவர்களிடம் கதைகொடுத்தால் முதலில் முத்திரை வரும், அதன் பிறகுதான் அடி வரும்.

பலன் என்ன என்று கேட்டால், மொழியில் உடனடியாக ஒன்றும் இல்லை. 1958 இலேயே நிறைவேறியிருந்த தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்துக்கான ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரி 8 இல்தான் பாராளுமன்றத்துக்கு வந்தன. அதுவும், திரும்பவும் பிரதமரான டட்லி சேனநாயக்கவும் செல்வநாயகமும் செய்த டட்லி-செல்வா ஒப்பந்தத்தின் பேரில். அன்று அதை எதிர்த்துக் கொழும்பில் போன ஊர்வலத்தின்மேல் பொலிஸார் சுட்டதில் ஒரு பிக்கு இறந்தார். தமிழும் அரச கரும மொழி என்ற வரி அரசியலமைப்பில் ஏறியது 1987 இல், 13 ஆம் திருத்தத்தில். அதற்குள் நாடு போரில் இருந்தது.

இன்னொரு வாசல்

கச்சேரி வாசலில் எல்லாத் தமிழரும் தோளோடு தோள் இருந்தார்கள் என்ற சித்திரத்தை அப்படியே விட்டுவிட முடியாது. அதே ஊரில், அதே காலத்தில், தமிழர் தமிழருக்கு அடைத்து வைத்திருந்த வாசல்கள் இருந்தன. தேநீர்க் கடையில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிப் பேணி அல்லது போத்தல். கோயிலில் வெளிவீதி மட்டும். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தும் நடைமுறை மாறவில்லை.

1966 ஒக்டோபர் 21 அன்று, சண்முகதாசன் தலைமையிலான சீனசார்புக் கம்யூனிஸ்ட் கட்சியின் தோழர்கள் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு ஊர்வலம் போனார்கள். பொலிஸார் அடித்தார்கள். ஊர்வலம் கலைந்து பிறகும் சேர்ந்து முற்றவெளிக்குப் போய்க் கூட்டம் நடத்தியது. அடுத்த வருசம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. தேநீர்க் கடைகளுக்குள் போய் இருந்து, எல்லோருக்கும் ஊற்றுகிற கிளாசில் ஊற்று என்று கேட்பது அவர்கள் போராட்டத்தில் ஒரு வடிவம். ஒரு கதிரை, ஒரு கிளாஸ், ஒரு பிளேன்ரீ, இவ்வளவுதான் கோரிக்கை. அதற்காக நெல்லியடியிலும் சங்கானையிலும் கைகலப்பு நடந்தது, உயிரும் போனது.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று ஒடுக்கப்பட்டவர்கள் திருவிழாக் காலத்தில் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் இருந்தவர், தனித் தமிழ் ஈழம் என்று முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒருவர். குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அவருக்கு எதிராக முடிந்தது. மாவிட்டபுரம் செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதியான காங்கேசன்துறைக்குள் வருகிற கோயில். கச்சேரி வாசலில் எட்டு வாரம் இருந்த கட்சி இந்த வாசலுக்குக் கட்சியாக வந்து இருக்கவில்லை. தீண்டாமைக்கு எதிராகப் பேசியவர்கள் அதற்குள் இருந்தார்கள். பேசியதோடு சரி. 1961 இன் சத்தியாக்கிரகத்தை எடைபோடுகிற எவரும் இந்தத் தட்டையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

வாசல் மூடிய காலம்

1972 குடியரசு அரசியலமைப்புக்குப் பிறகு வடிவங்கள் வேகமாக மாறின. கறுப்புக்கொடி. பாடசாலைப் பகிஷ்கரிப்பு. செல்வநாயகம் தன் ஆசனத்தைத் துறந்து, முடிந்தால் இடைத்தேர்தல் வைத்துப்பார் என்று சவால் விட்டார்; அரசாங்கம் 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்து வைத்தது; அவரே வென்றார். அடுத்த வருசம் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். முத்திரையில் விளையாட்டாகக் காட்டியது இப்போது கட்சியின் எழுத்துமூலக் கோரிக்கை.

1984 இல் கச்சேரி திரும்பவும் கதைக்குள் வருகிறது. இராணுவம் இளைஞர்களைக் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனபோது அன்னையர் முன்னணி என்ற பெயரில் திரண்ட யாழ்ப்பாணத்துத் தாய்மார் கச்சேரிக்கு ஊர்வலமாகப் போய் அரசாங்க அதிபரிடம் பிள்ளைகளைக் கேட்டார்கள். 1961 இல் சனம் அங்கே போனது அந்த அலுவலகம் நடக்கக்கூடாது என்று. இவர்கள் போனது, அந்த அலுவலகமாவது தங்களுக்காக ஒன்றைச் செய்யட்டும் என்று. இரண்டு வருசம் கழித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள், கடத்தப்பட்ட சக மாணவர் ஒருவரை விடுவிக்கச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தார்கள். சந்தேகம் விழுந்தது இராணுவத்தின்மேல் அல்ல, தமிழ் இயக்கத்தின்மேல். தங்களுக்குள் இருந்த துப்பாக்கிக்கு எதிராக வடக்கு வெளிப்படையாகக் குரல் கொடுத்த கடைசிச் சந்தர்ப்பங்களில் ஒன்று அது.

1987 செப்டெம்பரில் நல்லூர் வீதியில் விடுதலைப் புலிகளின் திலீபன் தண்ணீரும் குடியாமல் பன்னிரண்டாம் நாள், 26 ஆம் திகதி, உயிரை விட்டார். அடுத்த வருசம் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் அன்னை பூபதி ஒரு மாதம் உண்ணாமல் இருந்து ஏப்ரல் 19 இல் இறந்தார். இருவர் முன்னும் அப்போது இருந்தது இந்திய அமைதிப்படை. காந்தியின் நாட்டுப் படைக்கு முன்னால் காந்தியின் வடிவம். பலன் பற்றி இங்கே நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு கட்சி முறை வைத்து ஆயிரக்கணக்கானவர்களை இருத்திய போராட்டம், இருபத்தைந்து வருசத்தில் ஒரு தனி உடம்புக்குள் போய் ஒடுங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். சனம் சுற்றி நின்று பார்த்தது, அழுதது. ஆனால் பார்வையாளராக நின்றது.

கூடாரமும் படகும்

போர் 2009 இல் முடிந்தது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் கூடாரம் போட்டுக் குந்தினார்கள். கச்சேரி வாசலுக்குச் சரியாக 56 வருசம் கழித்து, அதே திகதி. திட்டமிட்ட பொருத்தமாக எனக்குப் படவில்லை. வவுனியா, முல்லைத்தீவு என்று பிற இடங்களிலும் கூடாரங்கள் வந்தன. அவர்கள் எந்த வாசலையும் அடைக்கவில்லை. அவர்கள் எழும்பாவிட்டாலும் பஸ் ஓடுகிறது, அலுவலகம் நடக்கிறது. இரண்டாயிரம் நாள் கடந்தும் இருந்தார்கள். சுவரில் மாட்டிய புகைப்படங்கள் கூடிக்கொண்டு போயின. பதில் தெரியாமலே இறந்துபோன தாய் தந்தையரின் படங்களும் பிள்ளைகளின் படங்களோடு சேர்ந்தன. யாருக்கும் நட்டம் வைக்காத போராட்டத்தை ஒரு அரசு எவ்வளவு காலமும் பொறுத்திருக்கும் என்பதற்கு 1931 இன் வெறும் கதிரைகளுக்கு அடுத்த சாட்சி இது.

அதே கிழமைகளில் முல்லைத்தீவில் கேப்பாப்பிலவுக் கிராமத்தைச் சேர்ந்த பிலக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில் இருந்தது. ஜனவரி கடைசியில் தொடங்கி, இரவு பகலாக, சின்னப் பிள்ளைகளோடு. கேட்டது கொள்கை அல்ல. வேலிக்குள் தெரிகிற தங்கள் சொந்தக் காணி. மார்ச் 1 ஆம் திகதி விமானப்படை காணியை விட்டுக்கொடுத்தது. இங்கே வாசல் திரும்பவும் வேலை செய்தது. கோரிக்கை அளந்து காட்டக்கூடியதாக இருந்தது, கொடுத்தால் தெற்கில் யாருக்கும் கோபம் வராது என்பதும் இருந்தது.

2021 பெப்ரவரியில் கிழக்கின் பொத்துவிலில் இருந்து வடக்கின் பொலிகண்டி வரை ஐந்து நாள் போன பேரணி, 1956 இன் திருகோணமலை யாத்திரையை நினைவூட்டியது. நீதிமன்றத் தடை உத்தரவுகளைக் கடந்து, முஸ்லிம் மக்களும் சேர்ந்து போனதுதான் அதில் புதிது.

எனக்கு மிகவும் யோசிக்க வைத்தது இரணைதீவு. பூநகரிக்குத் தென்மேற்கே, பாக்கு விரிகுடாவில் இருக்கும் இந்த இரட்டைத் தீவின் மீனவர்கள் 1992 இல் இடம்பெயர்ந்தார்கள். பிறகு கடற்படை அங்கே இருந்தது. எதிர்க்கரையில் இரணைமாதா நகரில் இருந்துகொண்டு மனுக் கொடுத்தார்கள், ஒரு வருசம் கொட்டில் போட்டு இருந்தார்கள். ஒன்றும் அசையவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, உத்தரவு கேட்காமல், நேரே தீவுக்குப் போய் இறங்கினார்கள். கோயிலில் கூடினார்கள், அங்கேயே தங்கினார்கள். கடற்படை சுடவுமில்லை, திருப்பி ஏற்றவுமில்லை. அடுத்த மாதமே அங்கே இருக்கலாம் என்று அரசாங்கம் இணங்கியது.

அனுமதிக்குக் காத்திராமல் காரியத்தைச் செய்துவிடுவது என்ற வகையில் இது முத்திரையின் வாரிசு. ஆனால் முத்திரையைப்போல அரசின் வேலையைச் செய்து காட்டவில்லை. மீனவன் மீனவனுடைய வேலையைச் செய்தான். வலையோடு தன் தீவுக்குப் போனான். அதைப் படம் பிடித்துப் பிரிவினை என்று பத்திரிகையில் போட முடியாது. வெள்ளைக்கொடியும் கோயிலும் படகில் வந்த வயதான பெண்களும் சேர்ந்து, தடுத்தால் கடற்படைக்குத்தான் அவமானம் என்ற நிலையை உண்டாக்கின. அன்று அரசாங்கத்திலும் கொஞ்சம் தளர்வு இருந்தது. இன்னொரு வருசத்தில் இறங்கியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

2021 மார்ச்சில், கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை அடக்கம் செய்ய அரசாங்கம் இதே இரணைதீவைத் தெரிவு செய்தது. எரிக்காதே, புதைக்க விடு என்று ஒரு வருசமாகக் கேட்டுவந்த முஸ்லிம்களுக்கு அது இன்னொரு அவமதிப்பு. தீவு மக்களுக்கோ இப்போதுதான் கையில் வந்த இடம். இரணைமாதா நகர்ச் சனம் திரும்பவும் பதாகை எழுதிக் கரையில் கூடியது. சில நாளில் தெரிவு கைவிடப்பட்டு, அடக்கம் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குப் போனது.